சொட்டுநீரில் மடை மாற்றுவது எப்படி? புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு

வாய்க்கால் பாசனத்தில் மண்வெட்டிதான் வால்வு. ஒரு பாத்தி நிறைந்ததும் அடுத்த பாத்தியின் மடையை வெட்டிவிட்டு, தண்ணீர் அங்கே திரும்பிய பிறகுதான் இந்த மடையை அடைப்போம். அவசரப்பட்டு முதலில் அடைத்தால் வரப்பு உடையும். இதை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்தே பழகினோம். சொட்டுநீருக்கு மாறியதும் மண்வெட்டியின் இடத்துக்கு பிளாஸ்டிக் வால்வு வந்துவிட்டது, தண்ணீர் குழாய்க்குள் மறைந்துவிட்டது. இப்போது உடைவது வரப்பல்ல, குழாய்.

இரண்டு ஏக்கர் வாழை, ஒரு ஏக்கர் தென்னை, ஒரு போர்வெல். இதை வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அதே தோட்டத்தை உதாரணமாக வைத்து, ஒரு மோட்டார் தண்ணீரைப் பல பகுதிகளுக்குப் பிரித்துவிடுவதைப் படிப்படியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைப்பதால், பலர் நிறுவனத்துக்காரர் போட்டுக்கொடுத்த வரைபடத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கீழே உள்ள கணக்கு தெரிந்தால் அந்த வரைபடத்தைப் பார்த்து இரண்டு கேள்வியாவது கேட்கலாம்.

முதல் படி: தண்ணீரை அழுத்தத்தோடு அளப்பது

200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, மோட்டாரைப் போட்டு, எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன். 70 நொடியில் நிறைந்தது. அப்படியானால் மணிக்குப் பத்தாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு ஏக்கர் வாழையையும் இரண்டு பாகமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு ஏக்கர், 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் 1,210 கன்று. கன்றுக்கு 4 லிட்டர் டிரிப்பர் (மணிக்கு 4 லிட்டர் சொட்டும் முனை) இரண்டு என்றால் மணிக்கு 9,680 லிட்டர். கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் குழாயைப் புதைத்தேன்.

கடைசி ஏழெட்டு வரிசைக்குத் தண்ணீர் போகவில்லை. ஒரு மாதம் அடைப்பு என்று நினைத்து டிரிப்பரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த வயதான பிட்டர் (குழாய் மாட்டுகிறவர்) ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “டிரம்மு நெறையறப்ப மோட்டாருக்கு என்ன வேலைங்க தம்பி? சும்மா கொட்டற தண்ணிய அளந்திருக்கீங்க. தள்ளிட்டுப் போற தண்ணிய அளக்கலீங்களே.”

விஷயம் அதுதான். மோட்டார் எவ்வளவு எதிர்ப்பைத் தாண்டித் தள்ள வேண்டியிருக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் குறையும். டிரிப்பருக்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். பில்டர், வால்வு, நீளக்குழாய் எல்லாம் சேர்ந்து இன்னொரு கிலோவைத் தின்றுவிடும். ஆகவே வெளிவாயில் ஒரு வால்வும் அதற்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜும் பொருத்தி, கேஜ் முள் 2 கிலோவில் நிற்கும்வரை வால்வை மெல்ல மூடி, அந்த நிலையில் டிரம்மை வைத்து அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது 90 நொடி ஆனது. மணிக்கு 8,000 லிட்டர். என் கணக்கில் தவறிய இரண்டாயிரம் லிட்டர் இங்கேதான் இருந்தது.

(இங்கே கிலோ என்றால் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் ஒரு மீட்டர் ஏறினால் 0.1 கிலோ போச்சு, இறங்கினால் அவ்வளவு கூடும்.)

அளப்பதைக் கோடையில் செய்யுங்கள். ஐப்பசியில் அளந்து போட்ட கணக்கு சித்திரையில் சிரிக்கும்.

இரண்டாம் படி: செக்‌ஷன் பிரிப்பது

ஒரே நேரத்தில் தண்ணீர் விடும் பகுதிதான் செக்‌ஷன். மொத்தத் தேவையைத் தண்ணீரால் வகுத்தால் எத்தனை செக்‌ஷன் என்பது தெரியும். 2,420 வாழைக்கு மணிக்கு 19,360 லிட்டர். 8,000-ஆல் வகுத்தால் 2.4, ஆக மூன்று செக்‌ஷன். தென்னை 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 8 லிட்டர் டிரிப்பர் நான்கு, ஆக 2,240 லிட்டர். இதை நான்காவது செக்‌ஷனாகப் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போடாதீர்கள். செக்‌ஷன்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சம அளவில் இருக்க வேண்டும். 8,000 லிட்டர் தள்ளுகிற மோட்டாரைத் தென்னைக்கு மட்டும் திருப்பினால், 2,240 போக மீதித் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏறும், டியூப் கிராமெட்டை (அதைக் குழாயில் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம்) விட்டுப் பிடுங்கிக்கொள்ளும். நான் கடைசியில் பிரித்தது இப்படி: முதல் செக்‌ஷன் 900 வாழை, இரண்டாவது 900 வாழை, மூன்றாவது 620 வாழையும் தென்னை முழுவதும். 900 வாழைக்கு 7,200 லிட்டர். 620 வாழைக்கு 4,960, தென்னைக்கு 2,240, கூட்டினால் அதுவும் 7,200. மூன்று முறை மடை மாற்றினாலும் மோட்டாருக்கு வித்தியாசமே தெரியாது. தென்னைக்குத் தனி வால்வு இருக்கிறது, ஆனால் அது எப்போதும் மூன்றாவது வாழையோடு சேர்ந்துதான் திறக்கும்.

8,000 இருக்கும்போது 7,200 மட்டும் எடுத்தது வேண்டுமென்றேதான். பில்டரில் அழுக்கு சேரும், மோட்டார் தேயும், நீர்மட்டம் இறங்கும். பத்து சதம் கையிருப்பு வேண்டும்.

மூன்றாம் படி: குழாய் போகும் வழி

மோட்டாரிலிருந்து வருவது மெயின். ஒவ்வொரு செக்‌ஷன் வால்வுக்குப் பிறகு குறுக்கே ஓடுவது சப்மெயின். அதிலிருந்து வரிசை வரிசையாகப் போகும் கறுப்பு டியூப் லேட்டரல். மெயினுக்கு ஒரு எளிய விதி: தண்ணீரின் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் 63 மி.மீ. பிவிசி குழாய் நொடிக்குச் சுமார் 4 லிட்டரும், 50 மி.மீ. குழாய் சுமார் இரண்டரை லிட்டரும் கொண்டுபோகும். நமக்கு 7,200 லிட்டர் என்றால் நொடிக்கு 2 லிட்டர். 50-லேயே அடங்கும், ஆனாலும் மெயின் நீளமாக இருந்ததால் 63 போட்டேன். குழாயில் மிச்சம் பிடித்த காசு உராய்வாகத் திரும்பி வரும்.

சப்மெயினில் ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இதில் செலவே இல்லாமல் பெரிய லாபம் இருக்கிறது. வால்வைச் சப்மெயினின் ஒரு முனையில் வைத்தால் முழுத் தண்ணீரும் ஒரே திசையில் முழு நீளம் ஓட வேண்டும். அதே வால்வை நடுவில் வைத்து, டீ (T வடிவ இணைப்பு) போட்டு இரண்டு பக்கமும் விட்டால், ஒவ்வொரு கையிலும் பாதித் தண்ணீர், பாதித் தூரம். உராய்வால் போகும் அழுத்தம் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். காரணம், தண்ணீர் இரட்டித்தால் உராய்வு மூன்று மடங்குக்கும் மேல் ஏறும், அதோடு நீளமும் பெருக்கிக்கொள்ளும். நிலம் சரிவாக இருந்தால் நடுவிலிருந்து கொஞ்சம் மேட்டுப் பக்கம் தள்ளி டீயை வையுங்கள். கீழ்க்கைக்குச் சரிவே உதவும்.

இரண்டு கையிலும் ஆளுக்கொரு பால் வால்வு போட்டுவிடுவது நல்லது. எதற்கு என்பது கடைசியில் வரும்.

16 மி.மீ. லேட்டரலை 60 மீட்டருக்கு மேல் ஓட்ட நான் யோசிப்பேன். முதல் கன்றுக்கும் கடைசிக் கன்றுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண டிரிப்பரில் அழுத்தம் 20 சதம் குறைந்தால் தண்ணீர் 10 சதம் குறையும். அதுவரை பொறுத்துக்கொள்ளலாம். அழுத்தம் பாதியானால் தண்ணீர் 30 சதம் போய்விடும், அந்த வரிசையில் தார் மெலிந்துதான் வரும். மேடு பள்ளம் அதிகமான நிலத்தில் அழுத்தத்தைத் தானே சரிக்கட்டும் டிரிப்பர் போடலாம். உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும். அழுத்தம் கூடக் கூட அது வழியைச் சுருக்கிக்கொள்ளும், அதனால் ஒரு கிலோவிலும் மூன்று கிலோவிலும் ஏறக்குறைய ஒரே அளவு சொட்டும். விலை அதிகம். சமநிலத்தில் தேவையில்லை.

நான்காம் படி: எந்த இடத்தில் எந்த வால்வு

மோட்டார் பக்கம் வரும் சாமான்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒருவழி வால்வு), மோட்டார் நின்றதும் தண்ணீர் பின்னால் ஓடாமல் தடுக்க. குறிப்பாக உரம் கலந்த தண்ணீர் போருக்குள் இறங்கக் கூடாது. அடுத்து பைபாஸ் வால்வு, கூடுதல் தண்ணீரை வெளியேற்ற. கிணறாக இருந்தால் கிணற்றுக்கே திருப்பலாம், போராக இருந்தால் தரைத்தொட்டிக்கு. பிறகு போர்த்தண்ணீரில் மணல் வந்தால் மணல் பிரிப்பான், கிணறு குளத்துத் தண்ணீரில் பாசி இருந்தால் மணல் பில்டர். அதற்குப் பிறகு உரம் உறிஞ்சும் வென்சுரி. கடைசியாக ஸ்கிரீன் அல்லது டிஸ்க் பில்டர், 120 மெஷ். உரத்துக்குப் பிறகுதான் இந்தப் பில்டர் வர வேண்டும். கரையாத உரக்கட்டி அதில் மாட்டட்டும், டிரிப்பரில் வேண்டாம்.

பில்டருக்கு முன்னால் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ். இரண்டுக்கும் வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் பில்டரைக் கழுவ வேண்டும். கேஜ் இல்லாத தோட்டத்தில் எல்லோரும் அனுமானத்தில்தான் ஓட்டுகிறார்கள். ஜுரம் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது போல.

வென்சுரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது மெயினுக்குப் பக்கத்தில் கிளைக்குழாயில் உட்கார்ந்திருக்கும். மெயினில் உள்ள வால்வைக் கொஞ்சம் மூடினால்தான் தண்ணீர் கிளைவழியாக ஓடி, நடுவில் ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடி, அழுத்தம் குறைந்து, உரத்தை உறிஞ்சும். “வென்சுரி இழுக்கவே மாட்டேங்குது” என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் மெயின் வால்வை முழுக்கத் திறந்து வைத்திருப்பார்கள். உரம் விடாத நாளில் அந்த வால்வை முழுக்கத் திறந்துவிடுங்கள்.

செக்‌ஷன் வால்வுக்கு பிவிசி பால் வால்வுதான் பெரும்பாலும் வருகிறது. கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் திறந்துவிடும். திறக்க மூட நல்லது, அளவு வைக்க லாயக்கில்லை. முக்கால்வாசித் திறப்பிலிருந்து முழுத் திறப்புக்குப் போனால் பெரிதாக எதுவும் மாறாது, கடைசி இரண்டு விரல் அளவில் எல்லாம் மாறிவிடும். கேட் வால்வு பல சுற்றுச் சுற்ற வேண்டும், அதனால் மெல்லத்தான் மூடும். அது நல்ல குணம். ஆனால் அதையும் பாதியில் விட்டு வருடக்கணக்கில் ஓட்டினால் உள்ளே இருக்கும் தகடு அதிர்ந்து தேயும். அளவு வைப்பதற்கென்றே ஆனது குளோப் வால்வு.

சப்மெயினின் மேட்டில் ஏர் வால்வு கட்டாயம். இதைச் செலவு என்று தவிர்க்கிறவர்கள் அதிகம். மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள தண்ணீர் பள்ளத்து டிரிப்பர்கள் வழியாக வடியும். மேட்டில் வெற்றிடம் உண்டாகி, அங்குள்ள டிரிப்பர்கள் காற்றை உள்ளே இழுக்கும். டிரிப்பர் சேற்றில் கிடந்தால் காற்றோடு சேற்றையும் இழுக்கும். அடைப்பு ஏன் மேட்டு வரிசையிலேயே வருகிறது என்று நான் ஒரு வருடம் குழம்பியதற்கு விடை இதுதான். ஏர் வால்வு இருந்தால் காற்று அதன் வழியாகப் போய்விடும். சப்மெயினின் பள்ளத்து முனைகளில், அழுக்கைக் கழுவி வெளியேற்ற, பிளஷ் வால்வு வையுங்கள்.

ஐந்தாம் படி: முதல் நாள் ஓட்டம்

சப்மெயினில் கிராமெட்டுக்குத் துளை போடும்போது பிவிசிச் சுருள் உள்ளே விழும், வெள்ளை வெள்ளையாக, தேங்காய்த் துருவல் மாதிரி. குழாய் புதைத்தபோது புகுந்த மண்ணும் இருக்கும். ஆகவே லேட்டரல் மாட்டுவதற்கு முன் பிளஷ் வால்வைத் திறந்து சப்மெயினைக் கழுவுங்கள். பிறகு லேட்டரலை மாட்டி, எண்ட் கேப் (கடைசி முனை மூடி) போடாமல் தண்ணீர் தெளியும்வரை விடுங்கள். முதல் நிமிடத்தில் காப்பி நிறத்தில் வரும். தெளிந்த பிறகு கேப் போடுங்கள்.

இப்போது அழுத்தம் வைப்பது. மோட்டாருக்குப் பக்கத்தில் உள்ள செக்‌ஷனுக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். வால்வுக்குப் பிறகு சப்மெயினில் கேஜ் பொருத்தி, முள் 1.2 கிலோவில் நிற்கும்வரை வால்வைக் குறையுங்கள். நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு. இனி யார் திறந்தாலும் கோடுவரைதான் திறக்க வேண்டும்.

கடைசியாகப் பாட்டில் சோதனை. 4 லிட்டர் டிரிப்பர் 100 மில்லியை 90 நொடியில் நிரப்ப வேண்டும். முதல் லேட்டரல், மூன்றில் ஒரு பங்கில் உள்ளது, மூன்றில் இரண்டு பங்கில் உள்ளது, கடைசி என்று நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் தலைப்பு, நடு, கடைசி மூன்று இடத்தில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். 85 முதல் 95 நொடிக்குள் எல்லாம் வந்தால் பிட்டருக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம். கடைசி லேட்டரல் முழுவதும் மெதுவாக இருந்தால் சப்மெயின் சிறுத்துவிட்டது. எல்லா லேட்டரலிலும் கடைசி டிரிப்பர் மட்டும் மெதுவென்றால் லேட்டரல் நீளம். ஒன்றிரண்டு மட்டும் என்றால் அடைப்பு. தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆறாம் படி: தினசரி மடை மாற்றம்

அடுத்த செக்‌ஷனைத் திறந்த பிறகுதான் ஓடுகிற செக்‌ஷனை மூட வேண்டும். மண்வெட்டிக் காலத்து அதே வரிசை. மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு: மோட்டார் அதிகபட்சம் 100 மீட்டர் உயரத்துக்குத் தள்ளக் கூடியது, போரில் நீர்மட்டம் 30 மீட்டரில் இருக்கிறது என்றால், எல்லா வால்வும் மூடியிருக்கும்போது மேலே மீதி 70 மீட்டர், அதாவது 7 கிலோ. பூமிக்குள் இருப்பதோ 4 கிலோ அல்லது 6 கிலோ குழாய்.

மூடுவதையும் மெல்லச் செய்யுங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், பிவிசி குழாயில் சுமார் 4 கிலோ அழுத்தம் அந்த ஒரு கணத்தில் கூடுதலாகத் தாக்கும். ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கி 1890-களின் கடைசியில் மாஸ்கோ நகர நீர்க்குழாய்களில் சோதித்துச் சொன்ன கணக்கு இது. இரும்புக் குழாயில் இன்னும் மோசம். பால் வால்வின் கைப்பிடி லேசாகச் சுற்றும் என்பதே அதன் ஆபத்து. திருப்பும்போது வாய்க்குள் பத்துவரை எண்ணுங்கள். எங்கள் வீட்டில் பையன்களுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்போம். ராத்திரி வீட்டுக்குப் போகும்போது எல்லா வால்வையும் ‘பத்திரமாக’ மூடிவிட்டுப் போனால், விடியற்காலை கரண்ட் வந்ததும் மோட்டார் மூடிய குழாயில் முட்டும். ஒரு செக்‌ஷனாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு இரவில் மூன்று இடத்தில் வெடித்தது இப்படித்தான். மூடியது நானேதான்.

கோடையில் தண்ணீர் குறையும்போது

மாதம் ஒரு முறை அதே டிரம், அதே 2 கிலோ. 90 நொடி 110 ஆனால் தண்ணீர் மணிக்கு 6,500 லிட்டராகிவிட்டது, தேவையில் பத்து சதம் குறைவு. பதற வேண்டாம். அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் இறங்கும், ஆகவே பகிர்வு கெடாது, நேரம்தான் போதாது. இரண்டு மணி நேரம் விடுகிற இடத்தில் இரண்டே கால் விடுங்கள்.

145 நொடி ஆனால் 5,000 லிட்டர்தான். டிரிப்பரில் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும், அந்த நிலையில் சின்ன மேடுகூடத் தண்ணீரை மறித்துவிடும். இப்போது நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, செக்‌ஷனையே உடைக்க வேண்டும். டீயின் இரண்டு கையிலும் வால்வு போடச் சொன்னது இதற்குத்தான். ஒரு கையை மூடினால் 450 வாழை, 3,600 லிட்டர். மூன்றாவது செக்‌ஷனில் தென்னை வால்வை மூடினால் வாழை மட்டும் 4,960, மயிரிழையில் அடங்கும். தென்னையை ராத்திரி தனியாக விடும்போது பைபாஸைத் திறந்து, மீதித் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றிவிடுங்கள்.